அண்ணாவின் நீலச் சட்டை

ஜூலை 9, செவ்வாய்

எப்சிபா மேடம் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் காலேஜுக்கு இந்த வருடம்தான் மனநல ஆலோசகர் என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். அவர்தான் எப்சிபா மேடம். "தினமும் ஒரு வரியாவது எழுதும்மா. நான் வாங்கிப் படிக்க மாட்டேன்" என்றார். படிக்க மாட்டேன் என்று சொல்பவர்களை நம்பி எனக்குப் பழக்கமில்லை. அதனால் பார்த்துத்தான் எழுதுவேன்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் சார் அட்டெண்டன்ஸ் எடுத்தார். ராஜதுரை என்றொரு பையன் வரவில்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டு சார் நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் எழுந்து நின்று, "வேலைக்குப் போயிருக்கார் சார். நாளைக்கு வந்துடுவார்" என்றேன்.

வகுப்பே கூரை பிய்ந்து போகிற மாதிரி சிரித்தது. ராஜதுரையோடு நான் இந்த மூன்று வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஏய் விதுஷா, எத்தன நாளாடி இது? எங்கிட்டகூட சொல்லல?" என்று பக்கத்து சீட் முத்துச்செல்வி என்னைக் கிள்ளினாள். பிறகுதான் அவளும் சிரிப்பை நிறுத்தினாள். உட்காரச் சொல்லியும் நான் உட்காரவில்லையாம். எனக்கு ஒன்றும் தெரியாது.

இன்றைக்கு மேடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். வீட்டில் யாரெல்லாம் என்று கேட்டார். அம்மா, அண்ணா, நான். அண்ணா திருப்பூரில் பெயிண்ட் வேலை. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார். வீடு எங்கே என்றதற்கு முகாமுக்கு அடுத்த பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னேன். அங்கேதான் இறங்குவேன். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் திரும்பி முகாமுக்கு நடப்பேன். காலேஜில் நான் இலங்கை அகதி முகாம் பெண் என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூலை 13, சனி

தோய்க்கிற நாள். காலேஜில் இதைத் துவைப்பது என்று சொல்ல வேண்டும், வீட்டில் தோய்ப்பது. ஒரே நாளில் இரண்டு வாய் வேண்டியிருக்கிறது.

என்னுடைய சுடிதார்கள், அம்மாவின் நைட்டி, படுக்கை விரிப்பு. அண்ணாவின் நீலச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, பனியன். எங்கள் துணிகள் வீட்டுக்குப் பின்னால் காயும். அண்ணாவின் துணிகள் மட்டும் வாசல் கொடியில், ரோட்டைப் பார்த்துக் காய வேண்டும். இது அம்மாவின் சட்டம். எதிர் வரிசையில் ரூபி அக்காவின் வாசல் கொடியிலும் அவளுடைய புருஷனின் ஜீன்ஸ் தொங்குகிறது. நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்துவிட்டது.

நீலச் சட்டையின் காலர் நைந்துபோயிருக்கிறது. தூங்கினாயா என்று எழுதச் சொன்னார் மேடம். பஸ்ஸில் தூங்கினேன்.

ஜூலை 15, திங்கள்

சார் அட்டெண்டன்ஸ் எடுத்து முடிக்கும்வரை முத்துச்செல்வி என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 18, வியாழன்

வேலைவாய்ப்புக் கூட்டம். ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்களாம். மேடையில் நின்றவர் சம்பளத்தைச் சொன்னதும் பையன்கள் விசில் அடித்தார்கள். "பாஸ்போர்ட் இல்லாதவங்க உடனே அப்ளை பண்ணிடுங்க, அது கட்டாயம்" என்று அடுத்த மூச்சிலேயே சொன்னார். முத்துச்செல்வி கூட்டம் முடிந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏன்டி பேர் குடுக்கல? உன் மார்க்குக்கு முதல்ல உன்னத்தான் எடுப்பாங்க."

"எங்க வீட்ல வெளியூர் விடமாட்டாங்க."

"அண்ணன் மட்டும் திருப்பூர் போலாம், நீ போகக் கூடாதா? உங்க அம்மாகிட்ட நான் வந்து பேசுறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப் போனது. எனக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைக்கும் என்று இவளுக்கு எப்படிச் சொல்ல? நான் பிறந்தது இங்கேயுள்ள அரசு ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் இந்த நாட்டுக் கணக்கில் நான் சட்டத்துக்குப் புறம்பாக வந்தவள். வராமலே வந்தவள்.

அண்ணா எஞ்சினியரிங்கில் வகுப்பிலேயே முதலாவது. அவருக்கும் இப்படித்தான் வேலை கிடைத்தது. புதுச் சட்டை வாங்கிக்கொண்டு போனார், இந்த நீலச் சட்டைதான். மறுநாளே திரும்பி வந்தார். "எந்த நாட்டுக்காரர் எண்டு கேட்டவை. முகாம் எண்டு சொன்னன். அப்பிடி ஒரு நாடு அவையிட்ட இல்லையாம்" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு சுவருக்கு வெள்ளையடிக்கப் போனார். வீட்டிலிருக்கும் நாட்களில் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இப்போது நன்றாக இருக்கிறார். திருப்பூரில் நிறைய வேலை.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் பஸ் நிலையத்தில் அண்ணா மாதிரி ஒருவரைப் பார்த்தேன். பின்கழுத்தில் வெள்ளைப் பெயிண்ட் புள்ளிகள். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நடக்கும் அதே நடை. பழக்கடைகளைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, பின்னாலேயே போனேன். அவர் திரும்பினார். மீசை வைத்த யாரோ. "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். என் பஸ் போய்விட்டது.

எப்சிபா மேடத்திடம் போகிற நாள் இது. பஸ் நிலையத்தில் நடந்ததைச் சொன்னேன், ஏன் சொன்னேனோ.

"அண்ணன்கூட போன்ல பேசுவியாம்மா?"

"பேசுவேன் மேடம்."

"கடைசியா எப்ப பேசின?"

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். மேசையிலேயே தண்ணீர் இருந்தது. மேடம் அதை என் பக்கம் நகர்த்தினார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"கை ஏன்மா இப்படி இருக்கு?"

"சோப்பு ஒத்துக்கல."

ஜூலை 27, சனி

தோய்த்தேன். காலரை அம்மா உள்பக்கமாகத் திருப்பித் தைத்திருந்தாள். பழைய சட்டைக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். "பார்க்கிறவைக்கு உடுத்துத் திரியிற சட்டை மாதிரி இருக்க வேணும்" என்றாள். சரிதான்.

நாளைக்கு முகாமில் செக்கிங்.

ஜூலை 28, ஞாயிறு

செக்கிங் என்றால் அதிகாரிகள் வந்து முகாமில் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் கூப்பிட்டு ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது. வெளியூர் வேலைக்குப் போனவர்களுக்காக வீட்டுக்காரர் பதில் சொல்லலாம். எல்லாக் குடும்பத்திலும் யாராவது ஒருவர் அப்படி இருப்பார்கள்.

காலையில் வேலை பிரித்துக்கொண்டோம். அம்மா அண்ணாவின் செருப்பைக் குழாயடிச் சேற்றில் அமுக்கி எடுத்து வாசலில் வைத்தாள். நான் சாம்பல் கால்சட்டையின் முழங்காலில் கொஞ்சம் சுண்ணாம்பு தடவினேன். வாசலில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, கொஞ்சம் பிசைந்து, பாதியில் எழுந்துபோன மாதிரி வைத்தோம். சின்ன வயதில் மண்சோறு விளையாடுவோமே, அப்படித்தான்.

"கஜதீபன்" என்று அதிகாரி கூப்பிட்டார்.

"வேலைக்குப் போயிருக்கான் ஐயா. பெயிண்ட் வேலை. விடிய வந்திட்டு இப்பதான் போறான்" என்றாள் அம்மா.

அதிகாரியோடு மஃப்டியில் வருகிற ஒருவர் எங்கள் கொடியையும் செருப்பையும் பார்த்தார். அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் போவதற்கு முன் முகாம் தலைவர் சிவபாதம் மாமா மைக்கில் அறிவித்தார். ஆகஸ்ட் பதினோராம் தேதி எல்லோரும் நேரில் வர வேண்டும். ஒவ்வொருவரையும் படம் பிடிப்பார்கள். யாருக்காகவும் யாரும் பதில் சொல்ல முடியாது. வராதவர்களின் குடும்பத்தைத் தனியாக விசாரிப்பார்கள்.

அம்மா உள்ளே போய்விட்டாள். கோப்பையில் இருந்த சோற்றைக் கொட்டவில்லை. நான் கொட்டப் போனேன், "வை" என்றாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

வகுப்புக்குப் போனேன். அட்டெண்டன்ஸ் ஆரம்பித்ததும் வெளியே வந்து கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மூச்சு உள்ளே போகவில்லை. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். பயமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

முத்துச்செல்வி கதவைத் தட்டினாள். திட்டு வாங்கியவள் இத்தனை நாள் பேசாமல் இருந்தாள். இன்றைக்குத் தட்டிக்கொண்டே நின்றாள்.

"தொற விதுஷா. நான் யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். கேம்ப்பு விஷயம் எனக்குத் தெரியும்டி. அடுத்த ஸ்டாப்ல எறங்கித் திரும்பி நடந்து போறத முதல் வருஷமே எங்க மாமா வண்டில வரும்போது பாத்துட்டேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

திறந்தேன். என் முகத்தைக் கழுவிவிட்டாள். இத்தனை வருட வெயிலில் அந்தத் தூரத்தை நான் யாருக்காக நடந்தேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்தேன். அவள் பயந்துபோய் என்னை எப்சிபா மேடத்தின் அறைக்குக் கூட்டிப் போனாள். மேடம் இன்றைக்கு விடுமுறை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம். மகன்தான் பிடிக்க வேண்டும். அண்ணா வேலைக்குப் போயிருப்பதால் அம்மா பிடித்தாள். குளித்துவிட்டுச் சமைத்தோம். பூசணிக்காய், வாழைக்காய், பருப்பு, பயத்தங்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, வடை. அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். அம்மா பால்கறியை இலையில் இரண்டு தடவை வைத்தாள்.

அப்பாவுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் அரித்துக் கடிக்கும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். வீட்டில் பால்கறி கேட்டு அடம்பிடிப்பது அண்ணாதான். விரதக் களைப்பில் மறந்திருப்பாள். காகம் வந்து முதலில் பால்கறியைத்தான் எடுத்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இனி இங்கேயும் எழுதலாம். அண்ணா திருப்பூரில் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஓர் ஏஜெண்டோடு போட்டில் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். "அங்க போய் உன்னைக் கூப்பிடுறன், நீ படிப்பை விட்டிடாதை" என்றார். போட் ஏறுகிறோம் என்று ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்தப் போட்டில் போன யாருடைய வீட்டுக்கும் ஒன்றும் வரவில்லை. ரூபி அக்காவின் புருஷனும் அதில்தான் போனார்.

"போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களாம்மா?" என்று மேடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. களவாகக் கடல் தாண்டினார் என்று நாங்களே போய்ச் சொல்வதா? எங்களையும் விசாரிப்பார்கள். முகாம் பதிவை வெட்டினால் அம்மாவுக்கு அரிசியும் உதவிப் பணமும் நிற்கும், என் காலேஜும் நிற்கும். எல்லாவற்றையும் விடு, காணவில்லை என்று எந்த நாட்டிடம் கேட்பது? அவர் எந்த நாட்டின் பிள்ளை?

அதனால் அவரை வேலைக்கு அனுப்பினோம். சட்டையைத் தோய்த்துத் தொங்கப் போட்டோம். செருப்பில் சேறு பூசினோம். செய்து செய்து, சனிக்கிழமை சட்டையைப் பிழியும்போது அதில் வியர்வை நாறுவது மாதிரி எனக்கே தோன்றும். வாசலில் செருப்பைப் பார்த்ததும் வந்துவிட்டார் என்று உள்ளே ஓடியிருக்கிறேன். நானே வைத்த செருப்பு.

"நீ இதுக்காக அழுதியா?" என்றார் மேடம்.

"எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர்தான் மேடம். அழுதா ஏன்னு கேப்பாங்க."

"இங்க கேக்காது."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அண்ணா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. "இப்ப என்கிட்ட தூங்கினியா, சாப்பிட்டியான்னு நீங்க கேக்குறீங்க. அவரை ஒருத்தர்கூட கேக்கல மேடம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டேன். மேடம் தேற்றவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பிறகு, "நான் சட்டம் படிச்சவ இல்லம்மா. சரியாயிடும்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். காசு வாங்காமல் உதவும் வழக்கறிஞர் ஒருவரைத் தெரியுமாம். நான் சரி என்றால் பெயர் சொல்லாமல் கேட்பாராம். சரி என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வழக்கறிஞர் அம்மா சொன்னது: மறைத்துக்கொண்டே போனால் சிக்கல் கூடும், உண்மையைச் சொல்வதுதான் நல்லது, விசாரணைக்குக் கூப்பிட்டால் கூட வருவார். என்ன செய்வார்கள் என்று உறுதி சொல்ல முடியாதாம்.

செக்கிங்கில் நான்தான் சொல்லப் போகிறேன். அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பிள்ளை வருவான் என்ற நம்பிக்கையில்தான் அவள் எழும்பி நடமாடுகிறாள். அதை என் வாயால் எப்படி உடைக்க?

ஆகஸ்ட் 10, சனி

தோய்த்தேன். பிழியும்போது நீலச் சட்டை தோளிலிருந்து கிழிந்து வந்துவிட்டது. யாரும் உடுத்தாமலே கிழிந்துவிட்டது.

அம்மா வாங்கிப் பார்த்தாள். தைக்கலாமா என்று நான் கேட்டேன். மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சமுதாயக் கூடத்தின் முன்னால் வரிசை. கேமராவும் ஒரு வெள்ளைத் துணியும் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒவ்வொருவராகப் போய் நிற்க வேண்டும். எங்கள் முறை வந்தது. அம்மா நின்றாள், நான் நின்றேன்.

"கஜதீபன்."

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அண்ணா இல்லை, போட்டில் போனார், வரவில்லை. பெயருக்குப் பிறகு அந்த அமைதி வந்தது. வெள்ளைத் துணி காலியாக இருந்தது. என் வாய் திறந்தது.

"வேலைக்குப் போயிருக்கார் சார். நாளைக்கு வந்துடுவார்."

சத்தியமாக நான் சொல்லவில்லை, அது தானாக வந்தது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடியும் அதையே சொன்னேன். "நாளைக்கு வந்துடுவார்." நிறுத்த முடியவில்லை.

அம்மா போதும் என்று என் கையைப் பிடித்தாள்.

"காணும் பிள்ளை. காணும்."

பிறகு அதிகாரியிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவன் வரமாட்டான் ஐயா. போட்டில போனவன். மூண்டு வருஷம் ஆச்சுது. என்ர பிள்ளை கடலுக்கை போயிட்டான். நீங்கள் எழுதுறதை எழுதுங்கோ."

மஃப்டியில் இருந்தவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "ஆபீஸுக்கு வந்து எழுதிக் குடுக்கணும்மா. விசாரணை இருக்கும்" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை உட்கார வைத்தாள். அரிசி வாளிக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். வாயைச் சணல் போட்டு இறுக்கக் கட்டியிருந்தது. உள்ளே அண்ணாவின் பழைய சாரம், வீட்டில் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவது.

"இதை மட்டும் நான் தோய்க்கேல்லை" என்றாள்.

அவர் போன அன்றைக்குக் கழற்றிப் போட்ட சாரம். அடுத்த வாரமே பையில் கட்டி வைத்துவிட்டாளாம்.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"தாய்க்குத் தெரியாதே? நீதான் அண்ணா கூப்பிடுவார், கூப்பிடுவார் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனி. படிப்பைக் குழப்பிப் போடுவாய் எண்டுதான் நானும் சட்டையைத் தோய்ச்சன்."

நான் அவளுக்காகத் தோய்த்தேன். அவள் எனக்காகத் தோய்த்தாள். பையைத் திறந்து முகத்தை அதற்குள் வைத்தேன். தின்னர் வாசம், வியர்வை, அவர் போடும் பவுடர். அண்ணா. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று கத்தி அழுதேன். அம்மா பையின் வாயை மறுபடியும் கட்டினாள், வாசம் போய்விடும் என்று.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அட்டெண்டன்ஸில் ராஜதுரை மறுபடியும் வரவில்லை. பெயருக்குப் பிறகு அமைதியாக இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். முத்துச்செல்வி துப்பட்டாவை விட்டாள்.

விசாரணைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கறிஞர் அம்மா வருகிறார். பயமாகத்தான் இருக்கிறது. எப்சிபா மேடத்திடம் பயமாக இருக்கிறது என்றே சொன்னேன். அவர் சோப்பை மாற்றச் சொன்னார்.

ஆகஸ்ட் 17, சனி

தோய்க்கிற நாள். என் துணிகள், அம்மாவின் துணிகள். எல்லாம் பின்கொடியிலேயே அடங்கிவிட்டது.

வாசல் கொடி வெறுமையாக இருந்தது. உள்ளே வந்து அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ரூபி அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு சிவபாதம் மாமாவின் மனைவி தேத்தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். பிறகு அடுத்த வீட்டார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னதை வரிசையில் எல்லோரும் கேட்டார்கள், ஆனால் ஒருவரும் வரவில்லை. இன்றைக்குக் கொடியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மூன்று வருடம் கழித்து எங்கள் வீடு செத்த வீடானது.

பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ரூபி அக்கா மட்டும் அழவில்லை. வாசலுக்கு வெளியே, எதிரே தன் கொடியில் காற்றில் ஆடும் ஜீன்ஸைப் பார்த்தபடி இருந்தாள்.

எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. மேடத்தைப் பற்றி அம்மா சொல்லியிருப்பாள் போல, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, உன்னைத் தூங்கினனியோ எண்டு கேக்கிற அந்த மேடம்," என்றாள், "காலேஜில படிக்காத ஆக்களையும் பார்ப்பாவே?"